தடுத்ததும் விட்டதும்

2003 மே 14. அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் காலையிலேயே போக்குவரத்து எகிறியது. வினாடிக்குச் சுமார் 40,000 பாக்கெட்டுகள் ஒரே ஒரு கணினியை நோக்கி வந்துகொண்டிருந்தன. பணமோ ரகசியமோ இருக்கும் கணினி அல்ல அது. கேட்பவர்களுக்கு இப்போது மணி என்ன என்று சொல்லும் நேர சர்வர், அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தின் வலையமைப்புப் பொறியாளர் டேவ் பிளாங்கா பதிவுகளைப் பார்த்தார். பாக்கெட்டுகள் எண்ணற்ற முகவரிகளிலிருந்து வந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு: 76 பைட். எல்லாம் புறப்பட்ட போர்ட் எண்ணும் ஒன்றே: 23457. உலகின் வெவ்வேறு மூலைகளில் இருக்கும் கணினிகள் சொல்லிவைத்தாற்போல் ஒரே எண்ணைத் தேர்வது இயல்பாக நடக்காது. அனுப்புநர் முகவரியைப் போலியாக எழுதி யாரோ நடத்தும் தாக்குதல் என்று எண்ணுவதே அப்போது நியாயமாக இருந்தது. 23457-இலிருந்து வருவதை உள்ளே விடாதே என்று ரவுட்டரில் ஒரு விதி எழுதப்பட்டது. இப்படிப்பட்ட தாக்குதல்கள் சில மணி நேரத்திலோ சில நாளிலோ ஓய்ந்துவிடுவது வழக்கம்.

இது ஓயவில்லை. ஜூன் நடுவில் எண்ணிக்கை வினாடிக்கு 2,50,000 ஆகிவிட்டது. பிளாங்கா அந்த முகவரிகளில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, அவற்றை நிர்வகிப்பவர்களுக்கு எழுதி விசாரித்தார். இரண்டு இடங்களிலும் இருந்தது ஒரே பொருள்: வீட்டு உபயோகத்துக்கான நெட்கியர் ரவுட்டர். முகவரிகள் போலியல்ல. தாக்குதலும் நடக்கவில்லை. நேரம் கேட்பதற்காக அந்த ரவுட்டர்களின் மென்பொருளுக்குள்ளேயே விஸ்கான்சின் சர்வரின் எண்முகவரியைப் பதித்து விற்றிருந்தார்கள். பதில் கிடைக்காவிட்டால் வினாடிக்கு ஒருமுறை மறுபடி கேட்கும்படியும் எழுதியிருந்தார்கள். அப்படிப்பட்ட ரவுட்டர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல் இருந்தன. தடுப்பு விதியோ எந்த ரவுட்டருக்கும் பதில் போகாதபடி பார்த்துக்கொண்டது. ஆகவே ஒவ்வொன்றும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

எந்தப் பாக்கெட்டை விடுவது, எதைத் தடுப்பது என்று விதிப்படி முடிவு செய்யும் ஃபயர்வாலின் அறிக்கையை வாசிக்கக் கற்பவர்கள் முதலில் அறிய வேண்டிய கதை இதுதான் என்பது என் எண்ணம். பிளாங்கா பார்த்த பதிவில் ஒரு வரிகூடத் தவறில்லை. எங்கிருந்து, எந்த போர்ட்டிலிருந்து, எத்தனை பைட், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் சரி. அனுப்பியவரின் நோக்கம் மட்டும் அதில் இல்லை. அதை மனிதர்கள்தான் எழுதிச் சேர்த்தார்கள்.

ஃபயர்வால் எதை அறியும் என்பதற்கு ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் இயங்கும் சாதாரண சர்வர் ஒன்றின் பதிவில் இப்படி வரக்கூடும்: மார்ச் 9, 02:14:37, தடை, உள்வரவு, மூலம் 203.0.113.45, இலக்கு 198.51.100.7, நீளம் 40, டி.டி.எல். 241, அடையாள எண் 54321, நெறிமுறை டி.சி.பி., மூல போர்ட் 40112, இலக்கு போர்ட் 23, கொடி சின். (இந்த இரண்டு முகவரிகளும் பாடநூல் உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. யாருக்கும் சொந்தமல்ல.)

இலக்கு போர்ட்தான் முதலில் கண்ணில் பட வேண்டியது. ஒரு கணினியில் 0 முதல் 65535 வரை போர்ட்டுகள், அதாவது எண்ணிட்ட வாசல்கள், உண்டு. இணையதளங்கள் 443-இல் பதில் சொல்லும், நேர சர்வர் 123-இல், விண்டோஸ் கோப்புப் பகிர்வு 445-இல். 23 என்பது டெல்நெட், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் பழைய வழி. அதில் கடவுச்சொல்கூடத் திறந்த எழுத்தாகவே பயணம் செய்யும். சின் கொடி என்றால் இது உரையாடலின் முதல் பாக்கெட், "பேசலாமா?" என்ற கேள்வி. டி.டி.எல். எண் வழியில் ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறையும். பொதுவாக 64, 128, 255 ஆகியவற்றில் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். இங்கே 241. ஆக 255-இல் தொடங்கி 14 ரவுட்டர்களைக் கடந்து வந்திருக்கிறது.

அந்த அடையாள எண் இன்னும் சுவையானது. துண்டாகிப்போன பாக்கெட்டுகளை மறுபடி ஒட்டுவதற்காக உள்ள எண் அது, வழக்கமாக மாறிக்கொண்டே இருக்கும். 54321 என்று இருந்தால் பெரும்பாலும் அது ஜீமேப் என்ற மென்பொருளின் வேலை. இணையம் முழுவதையும் துழாவ மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட கருவி இது. அந்த எண்ணை அதில் அவர்களே இயல்பிருப்பாக வைத்திருந்தார்கள். கூர்ந்து பார்ப்பவருக்கு ஒரு வரியிலிருந்தே இவ்வளவு கிடைக்கும்.

ஜீமேப் ஏன் உங்கள் கதவைத் தட்ட வேண்டும்? உங்களைத் தேடி அது வரவில்லை. பழைய முறை ஐ.பி. முகவரி 32 பிட் நீளம். ஆக மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் முகவரிகள்தான் சாத்தியம். மனிதருக்குப் பெரிய எண், கணினிக்குச் சிறியது. வினாடிக்கு ஒரு ஜிகாபிட் இணைப்புள்ள ஒற்றைக் கணினியிலிருந்து, அவற்றில் பொதுப் பயன்பாட்டுக்கான அத்தனை முகவரிகளுக்கும் ஆளுக்கொரு பாக்கெட் அனுப்பி 45 நிமிடத்துக்குள் முடிக்கலாம் என்று ஜீமேப் காட்டியது. ராபர்ட் கிரஹாம் எழுதிய மாஸ்ஸ்கேன், போதிய வேகமுள்ள இணைப்பு இருந்தால், அதையே ஆறு நிமிடத்துக்குள் முடிக்கும். எந்தக் கருவிகள் இணையத்தில் திறந்து கிடக்கின்றன என்று பட்டியலிடும் ஷோடான், சென்சிஸ் போன்ற சேவைகள் ஓயாமல் இதைச் செய்கின்றன. ஆய்வாளர்களும் செய்கிறார்கள், திருடர்களும் செய்கிறார்கள்.

2016-இல் மிராய் வந்தபின் கூட்டம் இன்னும் பெருகியது. கண்காணிப்பு கேமராக்கள், வீட்டு ரவுட்டர்கள் போன்றவற்றைப் பிடிக்கும் நச்சுநிரல் அது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்ட கருவிகள்தான் அதன் இரை. அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர்–கடவுச்சொல் இணைகளை வைத்துக்கொண்டே, உச்சத்தில் சுமார் ஆறு லட்சம் கருவிகளைப் பிடித்தது. பிடிபட்ட ஒவ்வொன்றும் அடுத்ததைத் தேடி 23-ஆம் போர்ட்டைத் தட்டியது, பத்தில் ஒருமுறை 2323-ஐ. மிராய் அனுப்பும் சின் பாக்கெட்டில் வரிசை எண்ணாக இலக்கின் ஐ.பி. முகவரியையே எழுதிவிடும். அந்த எண்ணையும் பதியச் செய்திருக்கும் ஃபயர்வாலில் மிராயைப் பெயர் சொல்லியே அடையாளம் காட்டலாம்.

எனவே "இந்த மாதம் 3,00,000 தாக்குதல்கள் தடுக்கப்பட்டன" என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வரும் அறிக்கையைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், பூரிக்கவும் வேண்டாம். பொது முகவரி ஒன்று இருந்தாலே அது நடக்கும். அந்த முகவரியில் வங்கி இருந்தாலும் நடக்கும், எதுவுமே இல்லாவிட்டாலும் நடக்கும். யாருமே பயன்படுத்தாத முகவரிகளுக்கும் ஓயாமல் வந்து விழும் இந்தப் போக்குவரத்தை 2004-இல் ஓர் ஆய்வுக் குழு இணையத்தின் பின்னணிக் கதிர்வீச்சு என்று பெயரிட்டு அளந்தது. அறிக்கையில் வண்ணவண்ணமாக வரும் நாட்டுவாரி வட்ட வரைபடத்துக்கும் இதே நிலைதான். ஒரு நாட்டின் பெயர் அங்கே வருவது, வாடகைக்கு எடுத்த சர்வரோ நோய்கண்ட கேமராவோ அந்த நாட்டில் இருப்பதைச் சொல்லும். அதை இயக்குபவர் எங்கே இருக்கிறார் என்பதை அந்தப் படம் சொல்லாது.

விந்தையான வரிகளில் எத்தனையோ வெறும் பிழைகளாக இருக்கும் என்பது ஃபயர்வால்களின் இளமைக் காலத்திலேயே தெரிந்த விஷயம். ஏ.டி.அண்ட்.டி. பெல் ஆய்வகத்தின் ஸ்டீவன் பெல்லோவின், தங்கள் நுழைவாயிலில் வந்து சேர்ந்த வினோதப் பாக்கெட்டுகளைப் பற்றி 1993-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஊடுருவல் முயற்சிகளோடு, தங்கள் உள்வலையமைப்புக்குள்ளேயே நின்றிருக்க வேண்டிய பொது அறிவிப்புப் பாக்கெட்டுகள் உலகெங்கிலுமிருந்து வழிதவறி வந்ததையும் அதில் பதிவு செய்தார்.

திசை தலைகீழாகத் தெரியும் வரிகளும் உண்டு. நீங்கள் எப்போதும் தொடர்பே கொள்ளாத ஒரு சர்வர், "சரி, பேசலாம்" என்ற சம்மதப் பாக்கெட்டை உங்களுக்கு அனுப்பியதாகவும் ஃபயர்வால் அதைத் தடுத்ததாகவும் பதிவு சொல்லும். கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் வந்தது? யாரோ அந்த சர்வரைத் தாக்குகிறார்கள். தாக்கும் பாக்கெட்டுகளில் அனுப்புநர் முகவரியாகக் கண்டபடி எண்களை எழுதுகிறார்கள். அதில் ஒன்று உங்கள் முகவரி. திணறிக்கொண்டிருக்கும் சர்வர் முறைப்படி உங்களுக்குப் பதில் எழுதுகிறது. பதிவில் குற்றவாளி இடத்தில் நிற்பது உண்மையில் பாதிக்கப்பட்ட தரப்பு.

டேவிட் மூர், ஜெஃப்ரி வோல்கர், ஸ்டெஃபன் சாவேஜ் ஆகிய மூவரும் இந்தச் சிதறலையே ஓர் ஆய்வுக் கருவியாக்கினார்கள். முகவரி வெளியில் 256-இல் ஒரு பங்கை, அநேகமாக ஆளில்லாத பரப்பை, கவனித்துக்கொண்டிருந்தார்கள். போலி முகவரிகள் சீராகச் சிதறுமானால் ஒவ்வொரு தாக்குதலின் எதிரொலியிலும் 256-இல் ஒரு பங்கு அங்கே விழ வேண்டும். 2001-இல் மூன்று வாரம் கவனித்து, 5,000-க்கும் மேற்பட்ட இலக்குகள் மீது 12,000-க்கும் அதிகமான தாக்குதல்களைக் கணக்கிட்டார்கள். அதுவரை இத்தகைய தாக்குதல்கள் உலகில் எத்தனை நடக்கின்றன என்பதற்கு யாரிடமும் அளவே இல்லை. குப்பை என்று எல்லோரும் ஒதுக்கிய வரிகளிலிருந்து அந்த அளவு கிடைத்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதுதான்.

வீட்டிலோ சிறு அலுவலகத்திலோ பதிவைத் திறப்பவர்களை அதிகம் மிரட்டுவது இன்னொரு வகை: பெயர்பெற்ற தேடுபொறி நிறுவனத்தின் முகவரியிலிருந்து, 443-ஆம் போர்ட்டிலிருந்து வந்த பாக்கெட் தடுக்கப்பட்டதாக ஒரு வரி. அவர்கள் ஏன் நம்மைத் தாக்க வேண்டும்? இன்றைய ஃபயர்வால் விடுதி வாசலில் இருக்கும் கையெழுத்துப் பதிவேட்டின் முறையில் வேலை செய்கிறது. வெளியே போகிறவர் பெயரை எழுதிவிட்டுப் போவார், திரும்பும்போது அந்தப் பெயர் இருந்தால் உள்ளே விடுவார்கள். நேரம் தாண்டினால் பக்கத்தை மூடிவிடுவார்கள், பிறகு வருபவர் விடுதி மாணவரே ஆனாலும் வெளியில்தான் நிற்க வேண்டும். உங்கள் உலாவி ஒரு தளத்தைத் திறக்கும்போது ஃபயர்வால் அந்தத் தொடர்பை அட்டவணையில் எழுதுகிறது. தொடர்பு முடிந்ததும், அல்லது நெடுநேரம் பேச்சில்லாமல் இருந்தால், வரியை அழித்துவிடுகிறது. கைபேசி வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்குத் தாவியபின் தாமதமாக வரும் கடைசிப் பாக்கெட்டுகள் அட்டவணையில் இடமில்லாமல் தடுக்கப்படுகின்றன. கொடியைப் பார்த்தால் தெளிவாகிவிடும். புதிதாக நுழைய வருவது சின் கொடியோடு வரும். ஃபின் (முடிப்பு), ரீசெட் (துண்டிப்பு), வெறும் அக் (ஒப்புகை) கொடிகளோடு வருபவை பெரும்பாலும் முடிந்துபோன உரையாடலின் மிச்சம்.

இதுவரை பார்த்தவை எல்லாம் வெளியிலிருந்து வந்து தடுக்கப்பட்டவை. அறிக்கையின் பக்கங்களில் முக்கால்வாசியை இவையே பிடித்துக்கொள்கின்றன. உங்கள் அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்பதை அறிய வேண்டுமானால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

உள்ளேயிருந்து வெளியே போக முயன்று தடுக்கப்பட்ட வரிகளை முதலில் பாருங்கள். இவை சிலவே இருக்கும். வரவேற்பறையின் கண்காணிப்பு கேமரா, உலகெங்கும் கண்ட கண்ட முகவரிகளின் 23-ஆம் போர்ட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறது என்று நான்கு வரி வந்தால், வெளியிலிருந்து வந்த மூன்று லட்சம் வரிகளைவிட அவை பெரிய செய்தி. கேமரா ஏற்கெனவே பிடிபட்டுவிட்டது. 2017 மே 12 அன்று பரவிய வான்னாகிரை என்ற நச்சுநிரல், நுழைந்த கணினியிலிருந்து உள்வலையமைப்பிலும் வெளி இணையத்திலும் 445-ஆம் போர்ட்டைத் தேடியது. கணக்குப் பிரிவின் கணினி ஒன்று நூற்றுக்கணக்கான அந்நிய முகவரிகளின் 445-ஐத் தட்டுவதற்கு அலுவலகக் காரணம் எதுவும் இருக்க முடியாது.

தடுப்பது எப்போதும் நல்லது என்ற நம்பிக்கையையும் வான்னாகிரை அசைத்தது. வேலையைத் தொடங்குமுன் அது ஒரு நீண்ட, அர்த்தமற்ற இணையப் பெயரைத் தொடர்புகொள்ள முயலும். பதில் வந்தால் ஒன்றும் செய்யாமல் நின்றுவிடும். மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளம் ஆய்வாளர் அன்றே அந்தப் பெயரைப் பதிவு செய்தார், பரவல் தளர்ந்தது. நச்சுநிரல் தேடும் பெயராயிற்றே என்று ஃபயர்வாலில் அதைத் தடைசெய்த இடங்களில் நிரலுக்குப் பதில் கிடைக்காது, அது பரவும். அந்தப் பெயரைத் தடுக்காதீர்கள் என்று பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்து, அனுமதிக்கப்பட்டு வெளியே சென்றவை. கடினமான வாசிப்பு இதுதான், ஏனென்றால் இங்கே எந்த வரியும் சிவப்பு நிறத்தில் இராது. உள்ளே புகுந்த நிரல் தன் எசமானரிடம் கட்டளை கேட்க அவ்வப்போது வெளியே போய்வர வேண்டும். 443-ஆம் போர்ட்டில், குறியாக்கம் செய்த சாதாரண இணையப் போக்குவரத்தாகவே போகும். உள்ளடக்கம் தெரியாது. யாரிடம் போனது, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பது தெரியும். மனிதர் உலாவினால் இடைவெளிகள் கோணல்மாணலாக இருக்கும். நிரலானால் அறுபது வினாடிக்கு ஒருமுறை என்று போகும், இரவு மூன்று மணிக்கும் போகும். ஆனால் நேரம் சரிசெய்யும் நல்ல நிரலும் 64 வினாடிக்கோ 1024 வினாடிக்கோ ஒருமுறை போகும். வைரஸ் தடுப்பான்கள் புதுப்பிப்புத் தேடிக் குறித்த நேரத்தில் போகும். ஆகவே ஒழுங்கு மட்டும் குற்றத்துக்குச் சாட்சியாகாது. அந்த இலக்கு புதியதா, அலுவலகத்தின் மற்ற கணினிகளும் அங்கே போகின்றனவா, ஒரே ஒரு கணினி மட்டுமா என்று கேட்க வேண்டும். அளவையும் கேட்க வேண்டும். சாதாரண அலுவலகக் கணினி கொடுப்பதைவிட வாங்குவதே அதிகம். ஒருநாள் அது தலைகீழானால், காப்புப் பிரதி எடுக்கும் வேலையா, வேறேதுமா என்று விசாரித்தாக வேண்டும்.

விசாரிக்காததன் விலை 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் தெரிந்தது. குளிர்சாதனப் பணி ஒப்பந்ததாரர் ஒருவரின் நுழைவுரிமையைத் திருடி உள்ளே வந்தவர்கள், கடைக் கல்லாக்களிலிருந்து சுமார் நான்கு கோடி அட்டைகளின் விவரங்களைச் சேகரித்து, உள் சர்வர்களில் குவித்து, பிறகு வெளியே அனுப்பினார்கள். நிறுவனத்தின் கண்காணிப்புக் கருவி எச்சரித்தது. பெங்களூரில் இருந்த குழு நவம்பர் 30 அன்று அதைப் பார்த்து மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தெரிவித்ததாக 2014-இல் ப்ளூம்பெர்க் பிசினஸ்வீக் எழுதியது. அங்கே அந்த எச்சரிக்கை தொடர் நடவடிக்கைக்கு உரியதல்ல என்று முடிவாயிற்று. தினமும் நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகளைப் பார்க்கும் மனிதர்களை எளிதில் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயனற்ற வரிகளை அறிக்கையிலிருந்து களைவது அழகுக்கான வேலையல்ல, பாதுகாப்பின் பாதி வேலை அதுவே என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன்.

பதிவே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016 பிப்ரவரியில் 8.1 கோடி டாலரைப் பறிகொடுத்த வங்கதேச மத்திய வங்கி சாட்சி. அங்கே ஃபயர்வால் இல்லை, சர்வதேசப் பணப்பரிமாற்றக் கணினிகள் பத்து டாலர் பழைய ஸ்விட்சுகளோடு இணைந்திருந்தன என்று விசாரணை அதிகாரி ராய்ட்டர்ஸிடம் சொன்னார். திருடர்கள் எந்த வழியாக வந்து என்ன செய்தார்கள் என்பதைக் கண்டுபிடிப்பதையும் அது கடினமாக்கியது.

பதிவு இருந்தாலும் அதன் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். பல ஃபயர்வால்கள் உலகப் பொது நேரத்தில் எழுதும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. சென்னையில் செவ்வாய் அதிகாலை 2 மணிக்கு நடந்தது பதிவில் திங்கள் இரவு 8:30 என்று இருக்கும். வாயில்காப்போரின் இரவுப் பணிப் பதிவோடு ஒப்பிடும்போது இது தெரியாவிட்டால் ஆளே மாறிவிடும். இந்தியாவின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரலில் வெளியிட்ட ஆணையில் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு ஒத்திசைக்கச் சொன்னது.

அதே ஆணை பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. அது போதாது என்பது என் கருத்து. சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் மென்பொருள் புதுப்பிப்பில் நச்சுநிரல் கலந்து 2020 மார்ச் முதல் வாடிக்கையாளர்களுக்குப் போனது. நுழைந்தபின் அது இரண்டு வாரம் வரை அசையாமல் இருந்தது. பிறகு அந்த மென்பொருளின் சொந்தப் பேச்சுமுறையையே போர்த்திக்கொண்டு வெளியே பேசியது. அம்பலமானது டிசம்பர் 13 அன்று. அதற்கு வழிவகுத்ததும் ஃபயர்வால் வரியல்ல. ஃபயர்ஐ என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் பெயரில் இரண்டாவது கைபேசி பதிவானதை ஒருவர் கவனித்ததுதான். ஆனால் அதன்பின் புதுப்பிப்பை நிறுவிய ஏறத்தாழ 18,000 அமைப்புகளும் கேட்டது ஒரே கேள்வி: எங்களிடமிருந்து அது வெளியே பேசியதா? டிசம்பர் 13-இலிருந்து 180 நாள் பின்னோக்கி எண்ணினால் ஜூன் நடுப்பகுதிக்குத்தான் வரும். ஏப்ரல், மே மாதப் பதிவுகளை அழித்துவிட்டவர்களுக்கு முதல் தொடர்பு எப்போது நடந்தது என்று பதிவிலிருந்து சொல்ல வழியில்லை.

வைத்துக்கொள்ள ஆகும் செலவோ மிகக் குறைவு. ஒரு வரி சுமார் 200 பைட். நாளொன்றுக்குப் பத்து லட்சம் வரி எழுதும் அலுவலகத்தில் அது 200 எம்.பி. ஒரே மாதிரியான வரிகள் என்பதால் சுருக்கினால் பத்தில் ஒரு பங்காகும். ஓராண்டுப் பதிவு ஏழு ஜி.பி.யைச் சற்றுத் தாண்டும். ஃபயர்வாலின் சொந்த நினைவகத்தில் மட்டும் அதை விட்டுவைக்கக் கூடாது. இடம் நிறைந்ததும் பழையதன் மேல் புதியதை எழுதிவிடும், உள்ளே நுழைந்தவர் முதலில் அழிப்பதும் அதைத்தான். ஒவ்வொரு வரியும் எழுதப்பட்ட கணமே, ஃபயர்வாலுக்குக் கடவுச்சொல் தெரியாத வேறொரு கணினிக்குப் போய்ச் சேர வேண்டும்.